என்கொயரியில் ஒத்துக்கொண்டால் கதை முடிந்ததா?

"கோர்ட் ஆஃப் என்கொயரியிலேயே ஒத்துக்கிட்டானே, இனி என்ன?" ராணுவ வழக்கு என்றாலே இப்படித்தான் பேசுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1954 ராணுவ விதிகளில் 182ஆம் விதிப்படி, கோர்ட் ஆஃப் என்கொயரியில், அதாவது நடந்ததைக் கண்டறிய ராணுவம் நடத்தும் விசாரணையில், ஒருவர் கொடுத்த ஒப்புதலோ பதிலோ கோர்ட் மார்ஷல் எனும் ராணுவ நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அங்கே பொய் சாட்சி சொன்னதற்கான வழக்கு மட்டும் விலக்கு. ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அந்தப் பதிவை இரு தரப்பும் எடுக்கலாம். அங்கே ஒன்று, இங்கே ஒன்று சொல்லும் சாட்சியை மடக்க இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

வழக்கின் உயிர்நாடி 23ஆம் விதிப்படி எழுதும் சம்மரி ஆஃப் எவிடன்ஸ், அதாவது கோர்ட் மார்ஷலுக்கு முன்பே எழுதும் சாட்சியப் பதிவு. ஒவ்வொரு சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரிலேயே பேச வேண்டும். அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்த பிறகே அவரிடம், "பேசக் கட்டாயமில்லை, பேசினால் எழுதப்படும், சாட்சியமாகவும் வரலாம்" என்று எச்சரித்துவிட்டு வாக்குமூலம் கேட்க வேண்டும். பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அவர் மொழியில் படித்துச் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாட்சிக்கும் கீழே "குறுக்கு விசாரணை வேண்டாம் என்றார்" என்று ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால், அந்த சம்மரியைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ராணுவச் சட்டம் 133ஆம் பிரிவு பொதுச் சாட்சியச் சட்டத்தையே கோர்ட் மார்ஷலுக்கும் பொருத்துகிறது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதிநியம். ராணுவ அதிகாரி போலீஸ் அல்ல என்பதால், போலீஸிடம் கொடுத்த ஒப்புதலுக்கு உள்ள முழுத் தடை அவருக்குப் பொருந்தாது. ஆனால் படைப்பிரிவின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் அதிகாரத்தில் உள்ளவர். "ஒத்துக்கொள், சின்ன தண்டனையோடு முடித்துவிடுகிறேன்" என்று அவர் சொல்லி வாங்கிய ஒப்புதல் இந்தச் சாட்சியச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் அடிபடும். வாட்ஸ்அப் படத்தை வெறும் அச்சுப் பிரதியாக நீட்டினாலும் போதாது; அதே சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) வேண்டும்.

கமாண்டிங் ஆபீசரே நடத்தும் சம்மரி கோர்ட் மார்ஷலில், குற்றம் சாட்டப்பட்டவர் "குற்றத்தை ஏற்கிறேன்" என்றதும் அப்படியே எழுதிவிடக் கூடாது. அதன் விளைவை விளக்கி, சம்மரி ஆஃப் எவிடன்ஸைப் பார்த்தால் மறுக்க வேண்டிய வழக்காகத் தெரிந்தால் திரும்பப் பெறும்படி சொல்ல வேண்டும் என்கிறது 115ஆம் விதி.

பலர் கவனிக்காதது ராணுவச் சட்டத்தின் 143ஆம் பிரிவு. லீவு முடிந்தும் வராத வழக்கில் ஜவான் போதுமான அல்லது நியாயமான ஒரு காரணம் சொல்லி, "இன்ன அரசு அதிகாரிக்குத் தெரியும்" என்றால், நீதிமன்றமே அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதி, பதில் வரும்வரை தள்ளிவைக்க வேண்டும். கையெழுத்திட்ட பதில் வந்தால் அதுவே சாட்சியம். எழுதாமல் விட்டால், கோர்ட்டைக் கூட்டிய அதிகாரி விசாரணையை ரத்து செய்து புதிதாக நடத்தச் சொல்லலாம்.