எந்தக் காலிலிருந்து எலும்பு எடுப்பது?

குடியாத்தத்தில் குழித்தறியில் கைலி நெய்யும் என் அப்பாவுக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்கம் வீங்கத் தொடங்கியபோது, அதைப் பல்வலி என்றே எண்ணிப் பல மாதங்களைக் கிராம்புத் தைலத்தோடு கழித்துவிட்டோம். வேலூரில் சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் அது அமெலோபிளாஸ்டோமா என்னும் தாடைக்கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய் அல்ல, ஆனால் சுரண்டி எடுத்தால் மீண்டும் வளரக்கூடியது. ஆகவே கட்டிக்கு அப்பால் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டிவிட்டு, அந்த இடத்தை முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமுள்ள ஃபிபுலா என்ற ஒல்லியான எலும்பைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்றார்கள்.

“எந்தக் காலுங்க?” என்பதுதான் அப்பா கேட்ட முதல் கேள்வி. தறியில் இரண்டு கால்களும் மாறி மாறி மிதிக்க வேண்டும்.

தாடைக்கும், இரத்தநாளங்கள் தெரியும்படி மருந்து செலுத்தி இரண்டு கால்களுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மறுவாரம் எங்களை அழைத்து, அந்தப் படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண உருவத்தை வி.ஆர். எனும் மெய்நிகர் கண்ணாடியில் காட்டினார்கள். அறுவை மருத்துவர் கண்ணாடி அணிந்து, கையிலிருந்த பிடியால் ஃபிபுலாவை மூன்று துண்டுகளாக வெட்டித் தாடையின் வளைவில் பொருத்திப் பார்ப்பதை நாங்கள் பக்கத்துத் திரையில் கண்டோம். பிறகு வீங்கிய தாடையில் பட்டை உரசாதபடி துண்டை மடித்து வைத்துக்கொண்டு அப்பாவும் அணிந்தார். தன் காலையே எதிரில் கண்டவர், மிதிகட்டையைத் தேடுவதுபோல் வெறுங்காற்றில் பாதத்தை இறக்கினார்.

முதலில் இடக்காலிலிருந்து எடுப்பதாகத்தான் இருந்தது. பாதத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பெரிய நாளங்கள் இரத்தம் கொண்டுசெல்வதால், ஃபிபுலாவை ஒட்டிச் செல்லும் மூன்றாவது நாளத்தை எலும்போடு எடுத்துவிட்டாலும் பாதம் பிழைத்துக்கொள்ளும். அப்பாவின் இடக்காலிலோ அந்த இரண்டும் நூலாக மெலிந்திருக்க, மூன்றாவதுதான் பாதம் முழுவதையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்திருந்தால் பாதமே போயிருக்கும். சாதாரணக் கணினித் திரையிலும் இது தெரிந்திருக்கும் என்று மருத்துவரே சொன்னார். ஆனாலும், எங்களுக்கு விளங்கியது கண்ணாடிக்குள் பார்த்தபோதுதான். வலக்காலுக்குச் சம்மதித்தோம்.

கணுக்கால் ஆடாமலிருக்க அடியில் 6 முதல் 8 சென்டிமீட்டர் எலும்பை விட்டுவிடுவது வழக்கம். எங்கே, எந்தக் கோணத்தில் அறுப்பது என்று காட்டும் பிளாஸ்டிக் அச்சுகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் தயாரித்தார்கள். அறுவை அரங்கில், ஊடே பார்க்கக்கூடிய இன்னொரு கண்ணாடி, நாளங்களின் படத்தை அப்பாவின் காலின் மீதே படியவைத்ததாம். கெண்டைச்சதை சற்று நகர்ந்தாலும் படம் விலகிவிடும் என்பதால், டாப்ளர் கருவியை வைத்து நாளத்தின் ஓசையைக் கேட்ட பிறகே தோலில் கோடு போட்டதாக மருத்துவர் பின்னர் சொன்னார். அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

அறுவை முடிய 11 மணி நேரம் ஆயிற்று. அடுத்த சில நாட்கள் செவிலியர்கள் மணிக்கொரு முறை, காலிலிருந்து எலும்போடு எடுத்து வாய்க்குள் வைத்த தோலில் இரத்தம் ஓடுகிறதா என்று அதன் நிறத்தைப் பார்த்தார்கள். மூக்கில் போட்ட குழாய் வழியாகவே கஞ்சி.

ஒரு குறை உண்டு. அந்த உருவத்தில் எலும்பும் நாளமும் இருந்தனவே தவிர தசை இல்லை. பெருவிரலை மடக்கும் தசை ஃபிபுலாவில்தான் தொடங்குகிறது என்பதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் தறியில் இறங்கியபோதுதான் அது தெரிந்தது. வலக்காலின் பெருவிரல் கட்டையைப் பற்றாமல் நழுவுவதால், அப்பா இப்போது அந்த மிதிகட்டையில் ஒரு பழைய செருப்பு வாரை ஆணியடித்து வைத்திருக்கிறார்.