கண் இருட்டுதா, உலகம் சுற்றுதா

ஏப்ரல் 3, 2024

இதய வால்வு மாற்றி இன்றோடு இருபத்திரண்டு நாள். கோவையில் ஆபரேஷன் முடிந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. பன்னிரண்டு வயதில் தொண்டை வலியும் முட்டி வீக்கமுமாக ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்றார்கள். வலி போனதும் ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டோம். அந்தக் கடன் நாற்பது வருஷம் கழித்து வட்டியோடு வந்து இதயத்தின் மிட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது.

ராத்திரி வீடு அடங்கினால் நெஞ்சுக்குள் டிக் டிக். சின்னக் கத்தரியால் வெள்ளிக் கம்பியை நறுக்குகிற மாதிரியே இருக்கிறது. "கடிகாரத்தைக் கழற்றி வைங்க" என்றாள் மனைவி தூக்கத்தில். வால்வின் இரண்டு இதழும் கார்பனாம். முப்பது வருஷம் கரியில் வெள்ளி உருக்கியவனுக்கு நெஞ்சிலேயே கரியை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 10

மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, கையை ஊன்றி எழக்கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் அறுத்த நெஞ்சு எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது தலைச்சுற்றல். காலையில் எழுந்தால் சுவர் நகர்கிறது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி வண்டி வைத்துக் கோவைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள் என்ற பயம்தான்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போடப் போனேன். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் இருபது நிமிஷம் நின்றிருப்பேன். முதலில் கொட்டாவி, அப்புறம் காதுக்குள் ஒரு இரைச்சல். எதிரே நின்றவரின் சட்டை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மாறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்ற பையன் "அண்ணா, அண்ணா" என்று தண்ணீர் கொடுத்தான். கால் மணி நேரம் கழித்து ஓட்டையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

விரல் மையைப் பார்ப்பதற்கு முன்பே முழங்கை மண்ணைப் பார்த்துவிட்டாள் மனைவி. பத்து நாள் மறைத்ததெல்லாம் வெளியே வந்தது. மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 22

இங்கே ஒரு இதய டாக்டரிடம் போனோம். "தலை சுத்துது மேடம்" என்றேன். பேனாவை வைத்துவிட்டு அந்தம்மா கேட்டது: "கண் இருட்டுதா, உலகம் சுத்துதா, இல்ல நடந்தா தள்ளாடுதா? மூணும் வேற வேறங்க."

இத்தனை நாள் எல்லாவற்றையும் கிறுகிறுப்பு என்ற ஒரே பையில் போட்டுக் கட்டியிருந்தேன். கண் இருட்டுது என்றேன். படுக்க வைத்து பிபி பார்த்தார்கள், 118. எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிஷத்தில் பார்த்தால் 92. இருபதுக்கு மேல் இறங்கினாலே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத் துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, மேலே சேலத்து வெயில். கூடவே ஆபரேஷனில் போன ரத்தம் இன்னும் ஊறவில்லை, ஹீமோகுளோபின் 9.8. இதில் எது குற்றவாளி என்று பிரிக்க முடியாது, கூட்டுக் களவாணித்தனம். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், வால்வு நன்றாக இருக்கிறது, இதயத்தைச் சுற்றி நீரும் கோக்கவில்லை. காலில் வீக்கம் வடிந்துவிட்டதால் நீர் மாத்திரையை நிறுத்தினார். நானாக நிறுத்தியிருந்தால் வேறு கதை ஆகியிருக்கும் என்றும் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் வயிற்றைக் கலக்கியது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் விழுந்து தலையில் அடிபட்டால், வலியே இல்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட வேண்டும். ரத்தக்கசிவு உள்ளே இருந்தால் வெளியே தெரியாது. ஓட்டு வரிசையில் விழாமல் உட்கார்ந்தேனே, அது புத்தியா அதிர்ஷ்டமா தெரியவில்லை.

ஏப்ரல் 30

எழும்போது இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, பாதத்தை நாலு தடவை ஆட்டி, அப்புறம்தான் எழுவது. கண் இருட்டுவது முக்கால்வாசி குறைந்துவிட்டது.

ஆனால் ஐஎன்ஆர் 1.6. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டுகிற எண் அது. என் வால்வுக்கு 2.5-இலிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கீரை சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன். எதிர்வீட்டு அக்கா, "ரத்தம் ஊறும் தம்பி" என்று ஒரு வாரமாகத் தினமும் சொம்பு நிறைய முருங்கைக்கீரை சூப் கொண்டுவந்தார். அதில் இருக்கிற வைட்டமின் கே, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். கீரையே கூடாது என்பதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டி, நாலு நாளில் மறுபடி பார்க்கச் சொன்னார். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் வீட்டில் பெரிய விவாதம்.

மே 7

ஐஎன்ஆர் 2.7. அக்கா இப்போது புதினாத் துவையல் கொண்டுவருகிறார். அதையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

மே 18

டாக்டர் சரி என்றதும் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மகளுக்குத்தான் வாந்தி. மேலே மழை. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சொட்டச் சொட்ட நின்றது. ஏரிக்கரையில் நானே அரை மணி நேரம் நடந்தேன்.

வந்தது ராத்திரி. லாட்ஜ் கட்டிலில் இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மின்விசிறி ஓடாத அறையில் விசிறி, விட்டம், சுவர் எல்லாம் சேர்ந்து ராட்டினம் மாதிரி சுழன்றன. எண்ணியிருந்தால் இருபது எண்ணியிருப்பேன், நின்றுவிட்டது. நேராகப் படுத்தால் இல்லை. மறுபடி இடப்பக்கம், மறுபடி ராட்டினம்.

பயந்தேன்தான். ஆனால் இந்தத் தடவை மனைவியை எழுப்பிச் சொன்னேன். கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். சிரிக்கச் சொன்னாள், வாய் கோணவில்லை. அந்நேரத்திலேயே மகன் டாக்டருக்குப் போன் போட்டான். தெளிவாகப் பேசுகிறார், நடக்கிறார் என்றால் காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மே 21

இதயமும் இல்லை, பிபியும் இல்லை. காது.

உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்குமாம். ரொம்ப நாள் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சில நேரம் அவை இடம் மாறிக் குழாய்க்குள் போய்விடும், தலையைத் திருப்பினால் உலகம் சுற்றும். இதயம் பார்த்தவர் காது டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் நெஞ்சு எலும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, தலையைப் பிடித்து இடப்பக்கம் சாய்த்தார், கொஞ்சம் நிறுத்தி வலப்பக்கம், அப்புறம் உடம்போடு சேர்த்து உருட்டி உட்கார வைத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. சாய்த்தபோது சுற்றிய சுற்றில் அவர் கையையே பிறாண்டிவிட்டேன். ராத்திரி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். விட்டம் விட்டமாகவே இருந்தது.

பத்து வாரமாக எது நடந்தாலும் வால்வு, வால்வு என்றே நடுங்கியிருக்கிறேன்.

ஜூன் 5

பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பையன்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஜோடி கொலுசை எடுத்து ராவினேன். அரம் வழுக்கி ஆள்காட்டி விரலில் சின்னக் கீறல். முன்பெல்லாம் வாயில் வைத்தால் நின்றுவிடும். இன்று துணியால் அழுத்திப் பிடித்தும் கால் மணி நேரம் ஆனது.

சாயங்காலம் மகன் ஒரு ஜோடி கையுறை வாங்கி வந்தான். அதைப் போட்டுக்கொண்டால் வெள்ளியின் பிசிறு விரலுக்குத் தெரியாது என்றேன். அரை மணி நேரம் பேரம். கடைசியில் இடது கைக்கு மட்டும் போட்டுக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது.