புதிய இணையதளமும் கூகுள் தேடலும்

புதிதாக இணையதளம் அமைக்கும் நண்பர்கள் பலர், பக்கத்தின் நிரலில் பார்வையாளருக்குத் தெரியாதபடி குறிச்சொற்களை இடும் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ பகுதியில் சொற்களை அடுக்கினால் கூகுள் தேடலில் முதலிடம் கிடைத்துவிடும் என்று இன்றும் நம்புவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பக்கங்கள் கூகுளின் அட்டவணையில், அதாவது தேடல் முடிவுகளில் காட்டுவதற்காக அது சேமித்து வைக்கும் பக்கங்களின் தொகுப்பில், சேர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும், கட்டணம் இல்லாத கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து, பக்கத்தின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் இட்டால் விடை கிடைத்துவிடும். சேரவில்லையென்றால், தளம் அமைக்க வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அமைப்புகளில் ‘ரீடிங்’ பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகள் இத்தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைக் கட்டும்போது இட்ட அந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டு, கூகுள் தங்களைப் புறக்கணிக்கிறது என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்தது தலைப்பு. எல்லாப் பக்கங்களுக்கும் ‘முகப்பு’ என்றே வைக்காமல், ‘மதுரையில் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பு’ என்பதுபோல், தேடுபவர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்களிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு எழுதுங்கள். கைபேசியில் தெரியும் வடிவத்தையே கூகுள் முதன்மையாகக் கணக்கில் கொள்வதால், கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை, தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த உத்தரவாதத்தை எவராலும் தர இயலாது.