சிபில் ரிப்போர்ட்டில் நின்றிருந்த இரண்டு பழைய பாக்கிகள்: நான் சரிசெய்த விதம்

வீட்டுக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் என் சிபில் ரிப்போர்ட்டை, அதாவது நான் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கையை, முழுதாக உட்கார்ந்து படித்தேன். 300-லிருந்து 900 வரை போகும் ஸ்கோரில் எனக்கு 600-க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கீழே இழுத்தவை இரண்டு பழைய கணக்குகள். ஒன்று, 2018-ல் முழுவதும் கட்டி முடித்த பைக் கடன். ரிப்போர்ட்டில் அது ‘ரிட்டன் ஆஃப்’ என்று நின்றது, அதாவது வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். இன்னொன்று, வேலை இல்லாமல் இருந்த காலத்தில் வங்கியோடு பேசி ஒரு தொகை கட்டி முடித்துக்கொண்ட கிரெடிட் கார்டு. அதில் ‘செட்டில்டு’ என்று இருந்தது. இப்போது இரண்டும் ‘குளோஸ்டு’ ஆகிவிட்டன. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் தப்பாக ஏறிய பதிவு வேறு, உண்மையாகவே நின்றுபோன பாக்கியின் பதிவு வேறு. தப்பாக ஏறியதைத் திருத்தச் சொல்லிக் கேட்க 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. உண்மையானதை யாராலும் அழிக்க முடியாது. பாக்கியைக் கட்டி, அந்தக் கணக்கின் நிலையை மாற்றத்தான் முடியும். என் பைக் கடன் முதல் வகை, கார்டு இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே மாதிரி மனு எழுதினால் இரண்டுமே நடக்காது.

இந்தியாவில் இப்படி ரிப்போர்ட் தருகிற நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஆகவே நான்கையும் இறக்கிக்கொண்டேன். கடன் ஆப்கள் காட்டும் ஸ்கோர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. உள்ளே போய் ஒவ்வொரு கணக்கையும் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதவாரியாகக் கட்டம் கட்டமாக மூன்று வருஷத்துக் கதை இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 அல்லது எஸ்.டி.டி. என்று இருக்கும். தவணை தள்ளிப்போனால் எத்தனை நாள் தாமதம் என்று எண் ஏறும். என் பைக் கடனில் கடைசி மாதம் வரை 000, 000 என்று வந்து, கடன் முடிந்த அடுத்த மாதத்திலிருந்து 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. ‘அமவுன்ட் ஓவர்டியூ’ என்ற இடத்தில் 590 ரூபாய்.

அந்த 590-ஐப் பார்த்ததும்தான் பிடி கிடைத்தது. 500 ரூபாய் பவுன்ஸ் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய். நான் கடனை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டி முடித்திருந்தேன். கணக்கை மூடிவிட்டுத் தானியங்கி டெபிட்டை நிறுத்த மறந்திருக்கிறார்கள். அடுத்த மாதத் தவணை வங்கிக்குப் போய், பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. இல்லாத தவணைக்குப் போட்ட அபராதம், வருஷக்கணக்காக என் பெயரில் பாக்கியாக நின்றிருக்கிறது. ஒரு கடிதமோ போனோ எனக்கு வந்ததில்லை.

முதலில் ரிப்போர்ட் தருகிற நிறுவனத்திடம் ஆன்லைனில் டிஸ்பியூட் போட்டேன், அதாவது விவரம் தப்பு என்று புகார் கொடுத்தேன். சில வாரத்தில், ‘கடன் கொடுத்த நிறுவனம் விவரம் சரி என்று உறுதி செய்துள்ளது, மாற்றம் இல்லை’ என்று பதில் வந்தது. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் யோசித்தால் அமைப்பே அப்படித்தான். ரிப்போர்ட் தருகிற நிறுவனம் தன்னிடமுள்ள விவரத்தைத் தானாக மாற்ற முடியாது. நம் புகாரைக் கடன் கொடுத்தவருக்கு அனுப்பி, அவர் சொல்வதைத்தான் ஏற்றும். சாவி கடன் கொடுத்தவரிடம் இருக்கிறது. அங்கே போகாமல் டிஸ்பியூட் மேல் டிஸ்பியூட் போட்டுக்கொண்டிருந்தால் அதே பதில்தான் திரும்பத் திரும்ப வரும்.

எனக்குக் கடன் கொடுத்த கம்பெனி இதற்குள் வேறொரு கம்பெனியோடு இணைந்துவிட்டிருந்தது. கிளையில் இருந்தவர் நல்லவர்தான். கடன் முடிந்தது என்று கம்பெனி அப்போது கொடுத்த என்.ஓ.சி. சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இந்த லோன் நம்பரை எங்க சிஸ்டம் எடுக்கவே மாட்டேங்குது. உங்க பேர்ல இருக்கிற லோன் வேற நம்பர்ல ஓடுது” என்றார். இணைப்பின்போது கணக்குகளுக்கெல்லாம் புது எண் கொடுத்திருக்கிறார்கள். என் என்.ஓ.சி.யில் இருந்தது பழைய எண். டிஸ்பியூட் போனபோது அவர்கள் தரப்பில் புது எண்ணை மட்டும் பார்த்து ‘பாக்கி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு எண்ணும் ஒரே கடன்தான் என்று காட்டக் கைகொடுத்தது வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. கடன் முடிந்ததும் ஆர்.சி.யிலிருந்து எச்.பி.யை (வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பை) நீக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 35 கொடுப்போம் இல்லையா, அதில் கடன் கொடுத்த கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகல் என்னிடம் இருந்தது. வண்டி எண் அதில் இருக்கும். லோன் எண் மாறினாலும் வண்டி எண் அதேதான். அந்த நகல், பழைய என்.ஓ.சி., மொத்தத் தொகை கட்டிய மாதத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட், ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு வரும் பக்கம் ஆகியவற்றை இணைத்து, கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் ஆபீஸருக்கு மெயில் அனுப்பினேன்.

மெயிலைச் சின்னதாக வைத்துக்கொண்டேன். கடன் இந்தத் தேதியில் முடிந்தது, 590 ரூபாய் இன்னின்ன காரணத்தால் தவறாக விழுந்தது, கணக்கை ‘குளோஸ்டு’ என்றும் பாக்கியைப் பூஜ்யம் என்றும், கடன் முடிந்த தேதிக்குப் பின் ஏறிய தாமத நாட்களை நீக்கியும் நான்கு நிறுவனங்களுக்கும் திருத்தி அனுப்புங்கள் என்று கேட்டேன். ‘தாமத நாட்களை நீக்கி’ என்று தனியாகச் சொல்வது ரொம்ப முக்கியம். நிலையை மட்டும் மாற்றிவிட்டு, அந்த 030, 060 கட்டங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்து கடன் தருபவர் அதையும்தான் பார்ப்பார்.

அந்த 590-ஐக் கட்டிவிட்டால் உடனே முடித்துத் தருகிறோம் என்று போனில் ஒருவர் சொன்னார். சின்னத் தொகைதான். ஆனால் கட்டினால் பாக்கி இருந்ததை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும், தாமத நாட்களும் உண்மையாகிவிடும். மாட்டேன் என்று எழுத்திலேயே பதில் சொன்னேன்.

இங்கே ஒரு விதி துணைக்கு வந்தது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது, அது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். இந்த 30 நாளில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். அவர் அதற்குள் திருத்திய விவரத்தை அனுப்பாவிட்டால் இழப்பீடு அவர் தலையில் விழும். திருத்த மறுத்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த உத்தரவைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அதற்கும் பதில் வராமல் 30 நாள் தாண்டியதும், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் ஆன்லைனில் புகார் பதிந்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுத்து, 30 நாள் ஆகியும் பதில் வரவில்லை அல்லது பதில் சரியில்லை என்று காட்ட வேண்டும். அதனால்தான் எல்லாவற்றையும் மெயிலில் செய்யுங்கள் என்கிறேன். போனில் பேசியதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். புகார் போன பிறகு கம்பெனியின் வேகமே மாறியது. தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, திருத்தி அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

சரி, கார்டு விஷயம். அங்கே வாதாட எதுவும் இல்லை. பாக்கி 68,000 ரூபாய் இருந்தது, 35,000 கட்டி செட்டில்மென்ட் செய்தேன். மீதியை வங்கி தள்ளுபடி செய்தது. ரெக்கவரி ஏஜென்ட் அப்போது “இதோட முடிஞ்சுது சார்” என்றார். பணத்தைக் கேட்டு வருவது முடிந்தது, அவ்வளவுதான். ‘செட்டில்டு’ என்றால் முழுப் பணமும் வரவில்லை என்று அர்த்தம். வீட்டுக் கடன் தருகிற வங்கிக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

நான் கேட்டது இதுதான்: மீதியைக் கட்டினால் கணக்கை ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா? வட்டியையும் அபராதத்தையும் கழித்துவிட்டு அசலில் விட்ட தொகையை மட்டும் கேட்டார்கள். உடனே பணம் போடவில்லை. இந்தத் தொகையைக் கட்டினால் கணக்கு முழுமையாக முடிந்ததாகக் கருதப்படும், ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ நீக்கப்பட்டு ‘குளோஸ்டு’ என்று தெரிவிக்கப்படும் என்று வங்கியின் மெயில் முகவரியிலிருந்து எழுத்தில் வாங்கிய பிறகுதான் கட்டினேன். பணத்தை நேராக அந்தக் கார்டு கணக்கில்தான் செலுத்தினேன், எந்த ஏஜென்ட்டின் யு.பி.ஐ.க்கும் இல்லை. அப்புறம் நோ டியூ சர்டிபிகேட், அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, கேட்டு வாங்கினேன். அதில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கட்டிய தேதி, பாக்கி பூஜ்யம் என்ற மூன்றும் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே விட்டேன்.

இடையில், இரண்டு பதிவையும் மொத்தமாக அழித்துத் தருகிறேன் என்று ஒருவர் போன் செய்தார். அவர் செய்யக்கூடியது நாம் இலவசமாகப் போடுகிற அதே டிஸ்பியூட்தான். நம் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் இப்படிப்பட்டவரிடம் கொடுப்பது பெரிய ஆபத்து. ஏழு வருஷம் ஆனால் தானாகவே போய்விடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விதியில் இருப்பது, தகவலைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது. ஏழாவது வருஷம் அழித்தாக வேண்டும் என்பதல்ல. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

வங்கிகள் மாதம் குறைந்தது இரண்டு தடவை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததால், திருத்தம் முன்பைவிடச் சீக்கிரம் ஏறுகிறது. ஆனாலும் நான்கிலும் ஒரே நாளில் ஏறவில்லை. ஒன்றில் சரியாகி, இன்னொன்றில் பைக் கடன் அப்படியே இருந்தது. கம்பெனி அனுப்பிய மெயிலை இணைத்து அங்கே தனியாக ஒரு டிஸ்பியூட் போட்டதும் சரியானது. ஸ்கோர் உடனே எகிறவும் இல்லை. பைக் கடன் திருந்தியதும் நன்றாகவே ஏறியது. கார்டு மாறியபோது ஏற்றம் குறைவுதான், ஏனென்றால் தவறிய மாதங்களின் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு வேறொரு வங்கியில் விண்ணப்பித்தேன். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும், கடன் பிரிவு அதிகாரி கார்டின் பழைய மாதங்களைக் காட்டி நேரடியாகவே கேட்டார். வேலை இல்லாத காலம் என்று சொல்லி, நோ டியூ சர்டிபிகேட்டையும் வங்கி அனுப்பிய மெயிலையும் கொடுத்தேன். இரண்டையும் நகலெடுத்து ஃபைலில் சேர்த்துக்கொண்டு, கூடவே கடைசி ஒரு வருஷச் சம்பளக் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்டார். கடன் சாங்ஷன் ஆனது.