பெப்ரவரிக் குறிப்புகள், கிளிநொச்சி

பெப்ரவரி 4

இன்று இலங்கையின் சுதந்திர தினம், எங்களுக்குக் கரிநாள். கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கறுப்புக் கொடிகளோடு நின்றார்கள். யாராவது ஒருவர் விம்மத் தொடங்கியதும் அத்தனை கமராக்களும் அந்தப் பக்கம் திரும்பின. அழாமல், மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெயிலில் நின்ற முரசுமோட்டை அம்மாவை ஒருவரும் எடுக்கவில்லை. வளாகத்தில் என் இறுதியாண்டுக்காகப் புகைப்படங்களால் சொல்லவேண்டிய படக்கதை அவரைப் பற்றியதாகவே இருக்கும்.

பெப்ரவரி 7

முரசுமோட்டைக்குப் போனேன். காலபோக அறுவடை முடிந்து வீதியோரமெங்கும் நெல் காய்கிறது. அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே என்னோடு பேசினார். படம் எடுக்க அனுமதி கேட்டபோது, நடப்பதை நிறுத்தாமல், "பிள்ளை, நீ எடுக்கிற படம் எங்கை போகும்?" என்று கேட்டார். விரிவுரையாளரிடம் போகும், வளாகத்தில் கண்காட்சிக்கு வைப்பார்கள், பிறகு இணையத்திலும் வரும் என்றேன். இணையத்தில் ஏறிய படத்தை யார் பிரதி எடுப்பார்கள், எந்த வாசகத்தோடு பகிர்வார்கள் என்பது நம் கையில் இல்லை என்பதையும், பிறகு நான் அழித்தாலும் அது முழுதாக அழியாது என்பதையும் சொன்னேன். 'சம்மதம்' என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்குவது எளிது. ஆனால் இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் தரும் சம்மதத்தைத்தான் நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

பெப்ரவரி 8

பதில் வரவில்லை.

பெப்ரவரி 11

அம்மா கூப்பிட்டார், ஆனால் வேறு காரியத்துக்கு. மகனின் படம் மங்கிக்கொண்டு வருவதால் அதைக் கமராவில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படத்தைப் பெருப்பித்து லமினேட் செய்திருக்கிறார்கள். இடது காதருகே நீர் பட்ட கறை. ஒரு மூலையில் பிளாஸ்டிக் பிரிந்து, உள்ளே மண் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. 2009இல் இறுதிப் போரின்போது தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய வழியில் கலியாண அல்பம் உட்பட எல்லாம் போய்விட, குடும்ப அட்டையோடு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த இந்த ஒன்றுதான் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம் வரை வந்து சேர்ந்தது. வன்னியில் இப்படி ஒரே ஒரு படம் மிஞ்சிய வீடுகள் எத்தனையோ.

லமினேட் செய்த படத்தைப் பிளாஷ் போட்டு எடுத்தால் முகத்தின் நடுவில் வெள்ளை வெளிச்சம்தான் விழும். எனவே முற்றத்து மாமர நிழலில் பலகையொன்றைச் சாய்த்துப் படத்தை அதில் ஒட்டி, லென்ஸ் படத்துக்கு நேர் எதிரே இருக்கும்படி முக்காலியை நிறுத்தினேன். கொஞ்சம் சரிந்தாலும் முகம் ஒரு பக்கம் ஒடுங்கிவிடும். என் வெள்ளைச் சட்டை பிளாஸ்டிக்கில் தெரிந்தது. அம்மா உள்ளே போய்க் கறுப்புச் சேலையொன்றை எடுத்து வந்து எனக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். உடனே பிரதிபலிப்பு மறைந்தது, மகனின் முகம் தெளிந்தது. திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். "மீசை அரும்பினது இதிலை தெரியுது" என்றார்.

பெப்ரவரி 13

யாழ்ப்பாணம் போய்வந்தேன். தூரக்காட்சி, அண்மைக்காட்சி, நுணுக்கக்காட்சி எல்லாம் இருக்கின்றன. கதையின் மையத்தில் நிற்கவேண்டிய முகம் எங்கே என்று விரிவுரையாளர் கேட்டார். கேள்வி நியாயமானது. முகமில்லாமல் ஒரு படக்கதை நிற்குமா என்பதையே ஆனையிறவு தாண்டும்வரை பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் அழாத முகம்தான் எனக்கு வேண்டும். அதற்காக அவரை அவசரப்படுத்த மாட்டேன்.

பெப்ரவரி 15

கைபேசியில் எடுத்த படங்களின் கோப்புக்குள் எடுத்த நேரமும், இடப்பதிவு திறந்திருந்தால் வீட்டின் அமைவிடமும் சேர்ந்தே பதிந்துவிடுகின்றன. கோப்பை அப்படியே யாருக்காவது அனுப்பினால் வரைபடத்தில் அம்மாவின் முற்றத்தையே காட்டிவிடும். இரவு முழுவதும் ஒவ்வொரு பிரதியாகத் திறந்து அந்தப் பதிவுகளை அழித்தேன். இதைப் பாடத்திட்டத்தில் முதல் வாரமே கற்பிக்க வேண்டும், குறிப்பாக வன்னியில் படம் எடுக்கப் போகும் மாணவர்களுக்கு.

பெப்ரவரி 18

பதில் கிடைத்தது. மகனின் முகம் உலகமெல்லாம் போகட்டும், எவராவது கண்டவர் இருந்தால் சொல்லட்டும் என்றார். தன் முகம் வேண்டாம் என்றார். போராட்டத்துக்குப் போய்வந்த பிறகு வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். இளைய மகள் இப்போதுதான் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பதில் இது. இரண்டு வாரமாக மகனின் படத்துக்குத்தான் மறுப்பு வரும் என்று நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 20

2017இல் இதே நாளில் கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டம். பிள்ளைகளைத் தேடியபடியே கண்மூடிய பெற்றோரின் படங்களும் இன்று ஏந்தப்பட்டன. கூட்டத்தில் அம்மாவைத் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன்: நெல் உமி ஒட்டிய விரல்கள், பிளாஸ்டிக்கின் பிரிந்த மூலை, அதற்குள் மகன். முகம் இருக்கிறது, கதையின் மையத்திலேயே இருக்கிறது. இதைத்தான் முதற்படமாக வைப்பேன், எவர் மாற்றச் சொன்னாலும்.

பெப்ரவரி 21

படவிளக்கம் எழுதினேன். அம்மாவின் பெயரும் ஊரும் இல்லை. மகனின் பெயர் முழுமையாக இருக்கிறது, அம்மா சொன்ன எழுத்துகளிலேயே.

பெப்ரவரி 23

ஸ்ரூடியோவில் பிரதிகள் தயார். பக்கத்து வீட்டு அம்மாவும் தன்னிடமுள்ள படமொன்றை எடுத்துத் தரக் கேட்கிறாராம். நாளை முக்காலியோடு போகிறேன்.