மரத்துப்போன வாயில் பொருத்திய பிரிட்ஜ்

கீழ்த் தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு, வெளியே தெரியாத பல்தானே என்று இரண்டு ஆண்டுகள் அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்தது என் முதல் பிழை. அதற்குள் பின்பல் இடைவெளியை நோக்கிச் சாய்ந்துவிட்டது. நேர் மேலே இருந்த பல்லும், எதிரே தாங்கும் பல் இல்லாததால், சற்றுக் கீழே இறங்கியிருந்தது. தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளான்ட் வைத்தால் பக்கத்துப் பற்களைச் சீவ வேண்டியதில்லை என்று தெரிந்தும், அது எலும்பில் பிடிப்பதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதாலும், செலவுக்கு அஞ்சியும், இரு பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின் மேல் மாட்டும் செயற்கைப் பல் வரிசையான பிரிட்ஜே போதும் என்று மதுரையில் வீட்டுக்கு அருகிலிருந்த பல் மருத்துவமனைக்குச் சென்றேன்.

"சிர்கோனியா 8,000 ரூபாய்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். சிர்கோனியா என்பது பல் நிறத்தில் இருக்கும் உறுதியான பீங்கான் வகை. பற்களைச் சீவி, அளவெடுத்து, நிறம் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தபோது ரசீதில் 24,000 என்று இருந்தது. இல்லாத பல்லுக்கு ஒன்று, அதைத் தாங்கும் இரு பக்கத்துப் பற்களுக்கு இரண்டு, ஆக மூன்று யூனிட் என்று அவர் விளக்கினார். கணக்கு சரிதான், ஆனால் சீவிய பல் மீண்டும் வளராது என்பதால், அந்த நிலையில் வேண்டாம் என்று எழுந்துபோக யாராலும் முடியாது. மொத்தம் எவ்வளவு, இடையில் வேர் சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் இதில் சேருமா என்று நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் தயாராகும் வரை சீவிய பற்களின் மேல் மாட்டிவிட்ட தற்காலிக கேப் நான்காம் நாள் கடலை மிட்டாயோடு கையில் வந்தது. அது முழுக்க என் தவறு.

உண்மையான தொல்லை பிரிட்ஜைப் பொருத்திய அன்றுதான் தொடங்கியது. சீவிய பற்கள் கூசும் என்று ஊசி போட்டார்கள். பாதி வாய் மரத்து, உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில், "கடித்துப் பாருங்கள், உயரமாக இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்க, நானும் சரியாக இருப்பதாகத் தலையாட்டிவிட்டேன். உடனே நிரந்தர சிமென்ட் இட்டு ஒட்டிவிட்டார். இரவு மரப்பு விட்ட பிறகே, வாயை மூடினால் வலப்பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு இடப்பக்கப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது தெரிந்தது. மறுநாள் சென்று சொன்னதற்கு, "புதிது அல்லவா, பழகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். பத்து நாட்களில் மேல்பல்லும் வலிக்கத் தொடங்க, மீண்டும் சென்றேன். மருத்துவர் வெளியூர் போயிருந்தார், வலி மாத்திரை கொடுத்தார்கள்.

பொறுக்க முடியாமல் வேறொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் ஊசியே போடவில்லை. கார்பன் தாள் போன்ற மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னார். பிறகு தாடையை இரு பக்கமும் அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால், புதிய பல்லின் பின் ஓரத்தில் மிளகளவு ஒரு கருநீலப் புள்ளி. மற்ற பற்களில் நிறமே ஒட்டவில்லை. புள்ளியைத் தேய்ப்பதும் மீண்டும் கடிக்கச் சொல்வதுமாக நான்கு முறை ஆனபின், இடப்பக்கப் பற்களிலும் நீலம் படத் தொடங்கியது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு என் பற்கள் இரு பக்கமும் ஒன்றாகச் சந்தித்த அந்த நொடியில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேய்த்த இடம் சொரசொரப்பாக இருந்தால் எதிர்ப்பல்லை அரம் போல் அராவிவிடும் என்று அதை மெருகேற்றியும் விட்டார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதலில் தற்காலிக சிமென்ட்டில் ஒட்டி, சில நாட்கள் மென்று பார்த்த பிறகு நிரந்தரமாக ஒட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மரப்பு இருக்கும்போது சொல்லும் 'சரி'க்கு மதிப்பில்லை என்பதையாவது நினைவில் வையுங்கள்.

சுத்தம் செய்வது பற்றியும் முதல் இடத்தில் யாரும் சொல்லவில்லை. மூன்று பற்களும் ஒரே துண்டாக இருப்பதால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான சாதாரண ஃப்ளாஸ் மேலிருந்து இறங்காது. முனை விறைப்பாக உள்ள சூப்பர் ஃப்ளாஸையோ, பல்லிடுக்குத் தூரிகையையோ பக்கவாட்டில் நுழைத்துத்தான் அடியில் சிக்கிய கீரையை எடுக்க வேண்டியிருக்கிறது.

சிர்கோனியாவுக்கான உத்தரவாத அட்டையை மட்டும் அவர்கள் இன்னும் தரவில்லை. லேபிலிருந்து வரவில்லையாம். சனிக்கிழமை மீண்டும் போகிறேன்.