ஹாம்பர்க்கில் நாலாம் வகுப்பு

ஹாம்பர்க்கில் பிள்ளை நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. அரையாண்டுச் சான்றிதழோடு பள்ளி ஒரு பரிந்துரையும் தரும். இந்தப் பிள்ளை நேராகப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் கிம்னாசியத்துக்குப் போகலாம், அல்லது ஷ்டாட்டைல்ஷூலே என்ற பொதுப்பள்ளிக்குப் போகலாம் என்று அதில் இருக்கும். பத்து வயதில் இந்தப் பிரிவினை. எங்கே சேர்ப்பது என்பது பெற்றோர் முடிவுதான். ஆனால் கிம்னாசியத்தில் சேர்த்த பிறகு ஆறாம் வகுப்பு முடிவில் மதிப்பெண் போதவில்லை என்றால் பிள்ளை அங்கே தொடர முடியாது.

நான் திண்டுக்கல் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள். கணவருடைய வேலைக்காக 2015இல் கைக்குழந்தையோடு இங்கே வந்தோம். பி.எஸ்சி., பி.எட். சான்றிதழ்களை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அங்கீகாரத்துக்கு அனுப்பினேன். இங்கே ஆசிரியர் என்றால் இரண்டு பாடங்கள் படித்திருக்க வேண்டும், உங்களுக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம் ஜெர்மன் வகுப்பு, குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் தேடும் அலைச்சல், மறுபடி ஜெர்மன் வகுப்பு. மொழி கைக்கு வந்ததும் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலைக்குச் சேர்ந்தேன். ஒப்பீட்டுக் கல்வி என்று ஒரு துறை இருப்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்தத் துறைக்கு ஹாம்பர்க் தாய்வீடு மாதிரி. போர் முடிந்து நகரமே இடிந்து கிடந்த காலம். ஜெர்மனி மற்ற நாடுகளோடு மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்றுதான் யுனெஸ்கோ இங்கே ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. ஃபெல்ட்ப்ருன்னன் தெருவில் ஒரு பழைய மாளிகையில் இன்றைக்கும் அது இயங்குகிறது. 1958இல் அங்கே கூடிய ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்கு இன்றும் பிடித்தது. ஒரு நாட்டில் எல்லாப் பள்ளியும் ஒரே முறையில் நடந்தால், அந்த முறை பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறதா என்று உள்ளே இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? வேறு மாதிரி நடத்துகிற நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? பி.எட். படித்த எல்லோருக்கும் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் பெயர் மனப்பாடம். அவரும் இந்த முயற்சியில் இருந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. 12 நாடுகளில் 13 வயதுப் பிள்ளைகளை வைத்து முதல் சோதனை ஆய்வு நடந்தது. இன்றைக்குக் கணக்கு, அறிவியலுக்கான டிம்ஸ், வாசிப்புக்கான பேர்ல்ஸ் ஆய்வுகளை நடத்தும் ஐ.இ.ஏ. என்ற பன்னாட்டு அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

எங்கள் வகுப்பில் எராஸ்மஸ் திட்டத்தில் வந்தவர்கள் நிறையப் பேர். ஐரோப்பிய மாணவர்கள் வேறு நாட்டில் போய்ப் படிக்க உதவும், 1987இல் 11 நாடுகளோடு தொடங்கிய திட்டம் அது. புத்தகத்தில் படித்ததைவிட அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். பின்லாந்துப் பையனுக்கு, பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது என்பதே விளங்கவில்லை. 1970களிலிருந்து அவன் நாட்டில் ஒன்பது வருடம் எல்லோரும் ஒரே பள்ளிதான். போலந்துப் பெண்ணுக்குக் கோபம். 1999 சீர்திருத்தத்தில் அங்கே பிரிவினையை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள், 15 வயதுப் பிள்ளைகளின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா ஆய்வுகளில் அடுத்தடுத்து பிள்ளைகளின் வாசிப்பு கூடியது, ஆனாலும் 2017இல் அந்த அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். என் முறை வந்தபோது, எங்கள் ஊரில் பத்தாவது வரை பிள்ளைகளைப் பிரிப்பதில்லை, எல்லோரும் ஒன்றாகத்தான் என்றேன். “எல்லோரும் என்றால்?” என்று பேராசிரியர் கேட்டார். யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: காசு இருக்கிறவர்கள் மெட்ரிகுலேஷனில் ஒன்றாக, இல்லாதவர்கள் அரசுப் பள்ளியில் ஒன்றாக.

ஜெர்மனிக்கு இந்த மாதிரிக் கேள்வி விழுந்த நாள் 2001 டிசம்பர் 4. முதல் பீசா முடிவுகள் வெளிவந்தன. வாசிப்பில் 31 நாடுகளில் 21ஆவது இடம். பின்லாந்து 546, சராசரி 500, ஜெர்மனி 484. இடத்தைவிட இன்னொரு விஷயம்தான் இங்கே பலரை உலுக்கியது. பெற்றோரின் வசதியும் படிப்பும் பிள்ளையின் வாசிப்புத் திறனை இந்த அளவுக்குத் தீர்மானித்த நாடு வேறு இல்லை. பீசா அதிர்ச்சி என்றே அதற்குப் பெயர். யாரும் மூடி மறைக்கவில்லை. 16 மாநிலங்களும் தமக்குள் பொதுவான கற்றல் தரங்களை வகுத்தன, முழுநாள் பள்ளிகளுக்கு மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது. பத்து வயதுப் பிரிவினையில் மட்டும் கை வைக்க முடியவில்லை. ஹாம்பர்க் முயன்றது. ஆறாம் வகுப்பு வரை எல்லோரும் சேர்ந்து படிக்கட்டும் என்று சட்டமன்றக் கட்சிகள் எல்லாம் ஒத்துக்கொண்டும், 2010 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பில் அது தோற்றது. குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு அதில் ஓட்டே கிடையாது. அவர்களுடைய பிள்ளைகளைத்தான் அந்த முடிவு அதிகம் பாதித்தது என்பது என் எண்ணம்.

விடைத்தாள் திருத்தும் பயிற்சி ஒன்றை மறக்கவே முடியாது. பீசா வெளியிட்ட பழைய கேள்வி ஒன்றைக் கொடுத்தார்கள். சுவரில் கிறுக்குவதைப் பற்றி இரண்டு பேர் எழுதிய கடிதங்கள். ஒருவருக்குக் கோபம், மற்றவர் விளம்பரங்களும்தான் நம்மைக் கேட்காமல் கண்முன் நிற்கின்றன என்கிறார். நீ யாரோடு ஒத்துப்போகிறாய், ஏன்? இதுதான் கேள்வி. யாரை ஆதரித்தாலும் மதிப்பெண் உண்டு. சொல்லும் காரணம் கடிதத்தில் இருப்பதைத் தொட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று எழுதினால் பூஜ்யம். திருத்துபவர்கள் ஒரே மாதிரி மதிப்பெண் போடுகிறார்களா என்று பார்க்க, ஒரு பகுதித் தாள்களை வேறு வேறு ஆட்கள் தனித்தனியாகத் திருத்துவார்கள். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். தேர்தல் வந்தால் ஊர்ச் சுவரெல்லாம் ‘இந்தச் சுவர் எங்களுக்கு’ என்று எழுதிவைக்கும் மண்ணில் வளர்ந்தவர்கள். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் அப்படி ஒரு கேள்வியை நாங்கள் பரீட்சையில் வைத்ததே இல்லை.

அதே பருவத்தில் ஒருநாள் நூலகத்தில் ‘பீசா 2009 பிளஸ்’ அறிக்கையைப் புரட்டும்போது அட்டவணையில் தமிழ்நாடு என்று இருந்தது. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டிருந்தன. வாசிப்பில் தமிழ்நாடு 337, கணக்கில் 351. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் இமாசலம், கிர்கிஸ்தானோடு நாமும் அடிமட்டத்தில். முடிவு வந்தது 2011 டிசம்பரில். அந்த வருடம் முழுக்க நான் அதே வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில் சமச்சீர் கல்வி வழக்கு தவிர வேறு பேச்சு கிடையாது. இப்படி ஒரு தேர்வு நடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை, சுற்றறிக்கை வரவில்லை, கூட்டம் போடவில்லை. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தாதவை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றிலிருந்து விலகிக்கொண்டது. பொருந்தாத கேள்விகள் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாள்களை எங்களிடம் கொடுத்து, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று பார்க்கச் சொல்லியிருக்கலாமே. சமச்சீர் கல்வி என்று நாலு பாடத்திட்டங்களை ஒன்றாக்கும் துணிச்சல் அன்று நம்மிடம் இருந்தது. ஹாம்பர்க்கால் செய்ய முடியாத காரியம் அது. இந்த அட்டவணையைப் பார்க்கும் துணிச்சலும் கூடவே இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன்.

மகள் நாலாம் வகுப்பு படித்தது 2023-24இல். அந்தக் கல்வியாண்டு தொடங்குமுன், 2023 மே மாதம்தான், இங்கே ‘இக்லு’ என்று அழைக்கப்படும் பேர்ல்ஸ் அறிக்கை வந்திருந்தது: நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்குத் தேவையான அளவு வாசிக்கத் தெரியவில்லை. டிசம்பரில் பீசா, ஜெர்மனி அதுவரை வாங்கியதிலேயே குறைந்த மதிப்பெண். வாசிப்புத் திறன் ஒன்றாகவே இருந்தாலும் படித்த குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் கிம்னாசியப் பரிந்துரை எளிதில் கிடைக்கிறது என்பதையும் இக்லு ஒவ்வொரு முறையும் காட்டிவருகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கட மூத்தவனுக்கு டொச் காணாதெண்டு ஹவுப்ட்ஷூலேக்கு அனுப்பிவிட்டவை, பிள்ளை. கணக்கில அவன் கெட்டிக்காரன். ஏனெண்டு கேக்க எங்களுக்கு அப்ப பாஷை தெரியேல்ல” என்றார். டொச் என்றால் ஜெர்மன் மொழி; ஹவுப்ட்ஷூலே என்பது அன்றிருந்த பள்ளிப் பிரிவுகளில் கடைநிலை. ஹாம்பர்க்கில் இன்று அந்த வகைப் பள்ளியே இல்லை. அவருடைய மகனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது.

என் மகளுக்குக் கிம்னாசியப் பரிந்துரை கிடைத்தது. நாங்கள் ஷ்டாட்டைல்ஷூலேயைத் தேர்ந்தெடுத்தோம். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய அபிட்டூர் தேர்வை அங்கேயும் எழுதலாம், ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும், எல்லா வீட்டுப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிப்பாள். “அப்போ பிள்ளை ஃபெயிலா?” என்று மாமியார் போனில் கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கணவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பின்லாந்தில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்று நானும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது ஜனவரி பிறந்தால் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்கள் பரிந்துரைக் கடிதத்தோடு என்னிடம் வருகிறார்கள். ஆசிரியரிடம் போகும்போது இதைக் கேளுங்கள் என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன்: பிள்ளைக்குக் குறைவது பாடமா, ஜெர்மனா? ஜெர்மன்தான் என்றால், இந்த நாலு வருடத்தில் அதற்குப் பள்ளி என்ன செய்தது? வெறும் பேச்சில் விடாமல் பிள்ளை எழுதிய தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நானும் கூட வருகிறேன்.